74 கிலோவாட்டா, 12 கிலோவாட்டா? சின்ன இடங்களுக்கு மின்வண்டி சார்ஜிங் இணைப்பு கேட்பதற்கு முன்

அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் மின்கார் பேச்சு வந்ததும் முதலில் எழும் கேள்வி, எந்தக் கம்பெனி சார்ஜர் வாங்கலாம் என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஈபி அலுவலகத்தில் போய் நின்றால் அங்கே கேட்கப்போவது ஒன்றே ஒன்றைத்தான்: எத்தனை கிலோவாட்?

இதற்குப் பெரும்பாலும் தவறான பதிலே போய்ச் சேர்கிறது. பத்துக் கார் வரப்போகிறது, சார்ஜர் ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட், ஆக 74 கிலோவாட் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பொறியாளர் மனத்தில் ஓடும் கணக்கு வேறு. 74 கிலோவாட் என்றால் மூன்று ஃபேஸிலும் சீராகப் பிரித்தாலே ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 107 ஆம்பியர். தெருமுனையில் இருப்பது 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதன் மொத்தத் திறனே ஃபேஸுக்கு 140 ஆம்பியர் சொச்சம்தான். அந்தத் தெருவின் மற்ற வீடுகள் ஏற்கெனவே அதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எனவே புது டிரான்ஸ்ஃபார்மர், அதை நிறுத்த இடம், புதைகேபிள், சாலையை வெட்ட மாநகராட்சி அனுமதி என்று எஸ்டிமேட் நீண்டுவிடும். அதைப் பார்த்த சங்கம், ‘இந்தக் கட்டடத்துக்கு மின்கார் சரிப்படாது’ என்று தீர்மானம் போட்டுவிடும்.

உண்மையில் அந்தப் பத்துக் காருக்கும் 12 கிலோவாட் போதும்.

எப்படி என்று பார்ப்போம். நகரத்துக்குள் ஓடும் கார் ஒரு நாளில் 35 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஆகும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்பது நியாயமான கணக்கு. ஒரு காருக்கு 5 யூனிட், பத்துக்கு 50 யூனிட். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை 12 கிலோவாட்டில் 72 யூனிட் கொடுக்கலாம். யாராவது திருச்சிக்குப் போய்விட்டு வெறும் பேட்டரியோடு திரும்பினால், மீதமிருக்கும் 22 யூனிட்டில் அவருக்கும் ஊருக்குள் ஓட்டத் தேவையானது கிடைத்துவிடும்.

74 என்பது எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் சார்ஜ் செய்தால் வரும் எண். மாலை 7 மணிக்கு வீடு வந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் செருகுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் செருகிய கணமே முழு வேகத்தில் சார்ஜ் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் காருக்கும் இல்லை. கார் காலை 8 மணி வரை அங்கேயேதான் நிற்கப்போகிறது.

வேகத்தைக் குறைக்கும் கம்பி

பகிர்ந்து கொடுப்பது என்றதும் பெரிய மென்பொருள் வேலை என்று பயப்பட வேண்டாம். காருக்குப் போகும் டைப் 2 கேபிளிலேயே அதற்கான வசதி இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல், எர்த் தவிர கன்ட்ரோல் பைலட் என்று மெல்லிய கம்பி ஒன்று அதற்குள் ஓடுகிறது. நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பை சார்ஜர் அதில் அனுப்புகிறது. ஒரு துடிப்பில் எத்தனை சதவீத நேரம் மேலே இருக்கிறதோ, அதை 0.6ஆல் பெருக்கினால் கார் இழுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஆம்பியர் கிடைக்கும். 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 50 சதவீதம் என்றால் 30. துடிப்பு மாறிய சில நொடிகளில் கார் தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும்.

இதில் 6 ஆம்பியர் என்பது அடிமட்டம். அதற்குக் கீழே கார் சார்ஜ் ஆகாது. இதை மறந்துவிட்டு, ‘எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும்’ என்று விற்பனையாளர் சொல்வதை நம்புவது முதல் தவறு. 12 கிலோவாட் என்றால் ஃபேஸுக்கு 17 ஆம்பியர். ஒற்றை ஃபேஸில் சார்ஜ் ஆகும் கார்கள் என்றால் ஒரு ஃபேஸில் ஒரே சமயத்தில் இரண்டைத்தான் வசதியாக ஓட்டலாம். ஆளுக்கு 8.5 ஆம்பியர், அதாவது சுமார் 2 கிலோவாட். மூன்றாவது கார் வரிசையில் காத்திருக்க வேண்டும். பத்துக் கார்களை 4, 3, 3 என்று பிரித்தால், நான்கு கார் உள்ள ஃபேஸுக்கு 20 யூனிட் தேவை. 4 கிலோவாட்டில் 5 மணி நேரம். நள்ளிரவில் தொடங்கினால் காலை 5 மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே சார்ஜர் வாங்கும்போது கேட்க வேண்டியது ‘பகிருமா’ என்பது இல்லை. ‘6 ஆம்பியருக்குக் கீழே வந்தால் வரிசையில் நிறுத்துமா’ என்பதுதான்.

ஃபேஸ் மாற்றி இணைப்பது இன்னொரு விஷயம். மூன்று ஃபேஸ் சார்ஜர்கள் பத்தையும் ஒரே வரிசையில் ஆர், ஒய், பி என்றே வயர் செய்துவிட்டால், ஒற்றை ஃபேஸ் கார்கள் எல்லாம் முதல் முனையிலிருந்து மட்டுமே இழுக்கும். பத்துக் காரும் ஆர் ஃபேஸில் உட்கார்ந்துவிடும். மற்ற இரண்டு ஃபேஸும் சும்மா கிடக்க, ஆர் ஃபேஸின் ஃபியூஸ் போகும். முதல் சார்ஜர் ஆர்-ஒய்-பி, இரண்டாவது ஒய்-பி-ஆர், மூன்றாவது பி-ஆர்-ஒய் என்று சுழற்றிப் போட வேண்டும். கட்டுப்பாட்டு மென்பொருளிலும் அதே வரிசையைப் பதிய வேண்டும். சுவரில் ஒரு வரிசை, மென்பொருளில் வேறு வரிசை என்றால், அது ஒரு ஃபேஸைக் குறைக்க நினைத்து இன்னொன்றைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பொறியாளர் கேட்பார்: மென்பொருள் பழுதானால்? நியாயமான கேள்வி. பதிலை மென்பொருளில் தேடாமல் பெட்டியில் வைத்துக் காட்டுங்கள். சார்ஜர்களுக்குப் போகும் பிரதான லைனில் 20 ஆம்பியர் நான்கு முனை எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் இழுத்தால் தானே விழும் பிரேக்கர். மூன்று ஃபேஸில் 20 ஆம்பியர் என்றால் 14 கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே. மென்பொருள் உச்சவரம்பை 16 அல்லது 17 ஆம்பியரில் வையுங்கள். கட்டுப்பாடு தவறி இழுப்பு நீடித்தால் எம்சிபி விழும். சார்ஜர்களில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகைகளின் கூட்டல் 74 ஆக இருந்தாலும், தெருவிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது 14ஐச் சுற்றியே நிற்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. விண்ணப்பத்தோடு ஒரு பக்க ஒற்றைக்கோட்டுப் படம் வரைந்து, அதில் இந்த எம்சிபியைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சார்ஜருக்கும் இடையே தொடர்பு அறுந்தால் சார்ஜர் தானாகவே 6 ஆம்பியருக்கு இறங்க வேண்டும், அல்லது நின்றுவிட வேண்டும். அந்த அமைப்பு இல்லாத மாடலைத் தொடாதீர்கள்.

எந்த மீட்டரிலிருந்து?

அடுக்ககத்தில் மூன்று வழி இருக்கிறது. மூன்றுமே நடைமுறையில் இருப்பவை, மூன்றிலும் சிக்கல் உண்டு.

முதல் வழி, அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து அவரவர் பார்க்கிங்குக்குக் கேபிள் இழுப்பது. புது இணைப்பு வேண்டாம், பில் தகராறு இல்லை. சொந்த வண்டியை வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இரண்டு மூன்று கார் உள்ள சின்னக் கட்டடத்துக்கு இதுவே போதும். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கணக்கே வேறு. ஒரு நாளைக்கு 5 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 300 யூனிட் கூடும். இதுவரை 350ல் இருந்த வீடு 650க்குப் போகும். ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை பெரிதாக இருக்காது.

இந்த வழியில் யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அனுமதிக்கப்பட்ட லோடு தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். ஆனால் தெருவிலிருந்து மீட்டர் போர்டு வரை வரும் ஒற்றைக் கேபிள் எல்லாருக்கும் பொது. இருபது வீடும் ஒரே நேரத்தில் முழு லோடு இழுக்காது என்ற நம்பிக்கையில் அளவெடுக்கப்பட்டது அது. ஏசியும் கீசரும் வந்துவந்து போகும். கார் சார்ஜர் நாலு மணி நேரம் அசையாமல் இழுக்கும். ஐந்தாவது, ஆறாவது கார் வரும்போது அந்தக் கேபிளின் லக்கும் (முனைப் பிடிப்பு) கட்-அவுட்டும் (ஃபியூஸ் கட்டை)தான் முதலில் சூடேறும். எனவே தனித்தனியாக இழுப்பதென்றாலும், மொத்த இழுப்பை ஒரு முறையாவது கிளாம்ப் மீட்டர் போட்டு இரவு 10 மணிக்கு அளந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது சர்வீஸில் ஏற்றிவிடுவது. வயரிங் செலவு குறைவு என்பதால் சங்கங்களுக்கு இதில் ஆசை. எங்கள் பரிந்துரை, வேண்டாம். பொது சர்வீஸுக்குக் கட்டணப் பிரிவு வேறு. சப்-மீட்டர் வைத்துப் பிரித்தாலும், நிலைக்கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு என்ற சண்டை வருடாவருடம் வரும். கார் இல்லாதவர்களின் எதிர்ப்பு முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதோடு, சார்ஜர் கோளாறில் பிரதான பிரேக்கர் விழுந்தால் லிஃப்டும் சேர்ந்து நிற்கும்.

மூன்றாவது வழி, மின்வண்டிக்கென்றே தனி சர்வீஸ். மேலே சொன்ன 12 கிலோவாட் கணக்கு இதற்குத்தான். தனி மீட்டர், தனிக் கட்டணப் பிரிவு, பகல் சலுகை கிடைக்கும் வாய்ப்பு. நாலு காருக்கு மேல் எதிர்பார்க்கும் எந்தக் கட்டடமும் நேராக இதற்குப் போவது நல்லது.

விதியில் உங்கள் பக்கம் இருப்பவை

2020ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதிகளையும் அதன் 2024 பிப்ரவரித் திருத்தத்தையும் படித்துவிட்டுப் போவது பலன் தரும். நுகர்வோர் கேட்டால் மின்வண்டி சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கொடுக்க வேண்டும் என்பது திருத்தத்தில் தெளிவாகவே வந்துவிட்டது. புது இணைப்புக்கான கெடு பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள். இது மின்பாதையை நீட்டிக்கவோ புது டிரான்ஸ்ஃபார்மர் வைக்கவோ தேவையில்லாத இணைப்புக்கான கெடு. 12க்கும் 74க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் நாட்களாக மாறுகிறது. 12 இருக்கும் கம்பத்திலிருந்தே கிடைக்கும். 74 அந்தக் கெடுவுக்கு வெளியே போய்விடும்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று, இடத்துக்கான உரிமை அல்லது குடியிருப்புச் சான்று என்ற இரண்டு ஆவணம் போதும் என்கிறது மூல விதி. மின்வசதி ஏற்கெனவே உள்ள பகுதியில் 150 கிலோவாட் வரை, ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக ஆய்வு செய்து எஸ்டிமேட் போடாமல், லோடையும் பிரிவையும் வைத்துச் சராசரிச் செலவில் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவை நடைமுறையில் எந்த அளவு இறங்கியிருக்கின்றன என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகப் பேசினால் வேலை நடக்கிறது. அதையே தூக்கி வீசினால் நடப்பதில்லை.

பொதுமக்களுக்குச் சார்ஜிங் கொடுக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு: மின்சாரத்தை மறுவிற்பனை செய்வதாக வழக்கு வருமா? வராது. சார்ஜ் செய்து கொடுப்பது ஒரு சேவை, மின்விற்பனை ஆகாது, உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது.

மீட்டரைக் கேளுங்கள்

வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்ய நினைப்பவர், லோடைக் கூட்ட விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உச்சத் தேவையைப் பதியும் மின்னணு மீட்டராக இருந்தால், பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி அழுத்திப் போனால் ‘எம்டி’ என்று ஒரு எண் வரும். அந்தப் பில் காலத்தில் எட்டிய உச்சம், கிலோவாட்டில். மூன்று ஏசி, கீசர், இன்டக்ஷன் என்று கருவிகளைக் கூட்டி 9 கிலோவாட் வரும் வீட்டில்கூட எம்டி 3.5ஐத் தாண்டாமல் இருப்பது சாதாரணம். ஏப்ரல், மே மாத எண்ணைப் பாருங்கள்; டிசம்பர் எண் ஏமாற்றும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எம்டி என்பது பொதுவாக அரை மணி நேரச் சராசரி, சில மீட்டர்களில் கால் மணி. மிக்ஸியும் மோட்டாரும் அதில் கரைந்துபோகும். கார் கரையாது. 3.3 கிலோவாட் சார்ஜிங் என்றால் எம்டியில் 3.3 முழுதாக ஏறும், அதுவும் ஏசி ஓடும் நேரத்தில் செருகினால். அமெரிக்க மின்விதித் தொகுப்பில் இதே யோசனையை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: கடந்த 12 மாத உச்சத்தை 1.25ஆல் பெருக்கி, அதோடு புது லோடைக் கூட்டியதை இணைப்பு தாங்கினால் போதும். கருவிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நம் ஊரிலும் கணக்குப் போட இதைவிட நல்ல முறை இல்லை.

ஸ்மார்ட் மீட்டர் வந்த இடங்களில், ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் எம்டியைக் காட்டி அனுமதி லோடை உயர்த்தலாம் என்று 2023 திருத்தம் சொல்கிறது. ஒரு நாள் தவறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டதற்காக நடுங்க வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

இணைப்பு கிடைத்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாதி சார்ஜரால் வருவதில்லை.

கேபிள். மீட்டர் போர்டிலிருந்து கடைசி பார்க்கிங் 40 மீட்டர் என்றால், 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி ‘தாங்கும்’. ஆனால் போய்ச் சேர்வதற்குள் 9 வோல்ட்டுக்கு மேல் இழக்கும், அதாவது 4 சதவீதம். கோடை இரவில் மின்னழுத்தம் ஏற்கெனவே 205ல் தள்ளாடும்போது இந்த 9 வோல்ட்தான் கார் ‘லோ வோல்டேஜ்’ என்று நின்றுவிடக் காரணம். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 5.6 வோல்ட். வித்தியாசத் தொகை கசக்கும், ஆனால் ஒரு முறைதான்.

பிளக். 16 ஆம்பியர் வீட்டு சாக்கெட்டில் 3 கிலோவாட்டை நாலு மணி நேரம் ஓட்டினால், சுவிட்சோடு சேர்ந்த மலிவான மாடுலர் சாக்கெட் முதலில் மஞ்சளாகி, பிறகு உருகும். சுவிட்சின் தொடுமுனை, பின்னால் இருக்கும் ஸ்க்ரூ இரண்டும்தான் குற்றவாளிகள். அதற்குப் பதில் நீலநிறத் தொழிற்சாலை வகை சாக்கெட், தனி 20 ஆம்பியர் எம்சிபி, வழியில் எந்த இணைப்பும் இல்லாத ஒரே கேபிள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. மத்திய மின் ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறையே அதைத் தடை செய்கிறது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில், வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் அந்த 800ஐ மறந்துவிட்டு, 2015லும் 2023லும் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேல் வையுங்கள்.

எர்த். கார் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்து ‘எர்த் ஃபால்ட்’ என்றால், சார்ஜரைத் திருப்பி அனுப்பும் முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் போனால் கோளாறு கட்டடத்தில். இருபது வருடத்துக்கு முன் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி வறண்டு, கம்பி அரித்துப்போயிருக்கும். சார்ஜிங்குக்கென்று புது எர்த் குழி எடுத்துவிடுவதே மலிவு.

மின்கசிவுப் பாதுகாப்பு. பழைய வீடுகளில் ஒரே ஒரு 100 மில்லிஆம்பியர் கருவி மொத்த வீட்டுக்கும் இருக்கும். சார்ஜிங் லைனுக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர், குறைந்தது ஏ வகை, நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பதாக வேண்டும். கார்களின் உள்சார்ஜரிலிருந்து நேர்மின் (டிசி) கசிவு வந்தால் சாதாரண ஏசி வகைக் கருவி மரத்துப்போய், உண்மையான ஷாக் வரும்போது விழாமல் இருந்துவிடும். 6 மில்லிஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் விலையுயர்ந்த பி வகை தேவைப்படாது.

நியூட்ரல். கம்பத்தில் நியூட்ரல் தளர்ந்தால், லோடு சமமில்லாத கட்டடத்தில் ஒரு ஃபேஸ் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். டிவி, ஃபிரிட்ஜோடு சார்ஜரும் போகும். ஓவர்-வோல்டேஜ் ரிலே ஒன்றை கான்டாக்டரோடு (ரிலே சொன்னதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) சேர்த்துப் போட்டுவிடுங்கள். ஃபேஸைச் சுழற்றி இணைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கூட்டரும் ஆட்டோவும்

சின்ன இடங்களில் உண்மையில் அதிகம் வருபவை இவை. ஸ்கூட்டர் சார்ஜர் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே, மின் ஆட்டோ 3 கிலோவாட்டுக்குள். இவற்றுக்கு டைப் 2 சார்ஜர் வாங்கித் தருவது வீண். இலகுரக வண்டிகளுக்கென்று ஐஎஸ் 17017 வரிசையில் தனித் தரமே இருக்கிறது. 16 ஆம்பியர் சாக்கெட்டும் மீட்டரும் செயலியும் சேர்ந்த சின்னப் பெட்டி. ஆனால் சாக்கெட்டில் பைலட் கம்பி கிடையாது. வேகத்தைக் குறைக்க முடியாது, நிறுத்தலாம் அல்லது ஓட்டலாம், அவ்வளவுதான். ஆகவே பகிர்வு இங்கே நேரத்தால்: பன்னிரண்டு சாக்கெட்டை நாலு நாலாகப் பிரித்து, கான்டாக்டரும் டைமரும் வைத்து முறை மாற்றிவிட்டால், 3 கிலோவாட் ஆட்டோக்களுக்கே 12 கிலோவாட்டில் அடங்கிவிடும். டீக்கடைக்காரர் கையால் எம்சிபியை மேலே கீழே போட்டும் இதைச் செய்யலாம்; ஆனால் எம்சிபி அதற்காகச் செய்யப்பட்டதில்லை, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நெடுஞ்சாலை உணவகத்துக்காரர் 30 கிலோவாட் டிசி சார்ஜர் கேட்டால், அங்கே இந்தத் தந்திரம் செல்லாது. சாப்பிட்டு எழும் நாற்பது நிமிடத்தில் கார் கிளம்ப வேண்டும். அங்கே லோடு உண்மையான லோடு. டிரான்ஸ்ஃபார்மரின் நிலையைக் கேட்டே ஆக வேண்டும். செய்யக்கூடியது ஒன்று: கிரைண்டரும் வாக்-இன் ஃபிரீசரும் முழு மூச்சில் ஓடும் நேரம் சார்ஜர் தானாக 15க்கு இறங்குமாறு உள்வரும் லைனில் சிடி, அதாவது மின்னோட்டத்தை அளக்கும் வளையம், பொருத்துவது. அந்தச் சிடியைத் தலைகீழாக மாட்டினால் லோடு கூடும்போது குறைவதாகக் காட்டும். பொருத்திய அன்றே ஒரு பெரிய ஹீட்டரைப் போட்டுப் பார்த்து, எண் எந்தத் திசையில் நகர்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மின்வாரியம் எளிதாக்க நினைத்தால்

பிரிட்டனில் ஒரு வீட்டுக்கு சார்ஜர் பொருத்த எல்லாரும் முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை. சார்ஜரையும் சேர்த்து வீட்டின் உச்சத் தேவை 60 ஆம்பியருக்குள் இருந்து, சர்வீஸ் கட்-அவுட்டும் கேபிளும் நல்ல நிலையில் இருந்தால், பொருத்திவிட்டு ஒரு மாதத்துக்குள் தகவல் சொன்னால் போதும். தாண்டினால்தான் முன்கூட்டியே விண்ணப்பம். பொறியாளர்களின் நேரம் உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடங்களுக்கு மிஞ்சுகிறது. டெல்லியில் 2021 நவம்பரில் வேறு வழியில் போனார்கள்: நுகர்வோர் விநியோக நிறுவனத்தின் தளத்திலோ தொலைபேசியிலோ சார்ஜரைத் தேர்ந்தெடுத்தால், சார்ஜர், பொருத்துதல், விருப்பப்பட்டால் தனி இணைப்பு, முதல் 30,000 சார்ஜர்களுக்கு 6,000 ரூபாய் மானியக் கழிவு எல்லாம் ஒரே சாளரத்தில். மானியத்தைவிட அந்த ஒரே சாளரம்தான் பெரிய விஷயம் என்பது எங்கள் கருத்து.

இங்கே படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்தாலே பாதி வேலை முடியும். ‘இணைக்கப்படும் மொத்த லோடு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஒரே நேரத்தில் எடுக்கும் உச்சம், அதைக் கட்டுப்படுத்தும் பிரேக்கர் அளவு’ என்று இன்னொன்று.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரவில் சார்ஜ் செய்யுங்கள் என்பது குளிர்நாட்டு அறிவுரை. சென்னையில் மே மாதம் இரவு 10 மணிக்கு எல்லாப் படுக்கையறையிலும் ஏசி ஓடும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணறுவதும் கேபிள் வெடிப்பதும் அப்போதுதான். மறுபக்கம், 2024 செப்டம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் விலை வைக்கச் சொல்கிறது. சூரிய மின்சாரம் பகலில் மிஞ்சுவதால். அலுவலகம், கடை, பள்ளி வளாகம் என்றால் பகல். வீடு என்றால் நள்ளிரவைத் தாண்டி, முடிந்தால் 1 மணிக்குப் பிறகு. பத்துச் சார்ஜரின் டைமரையும் சரியாக 1:00க்கு வைத்துவிடாதீர்கள். எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் அது ஒரு புது உச்சம். பிரிட்டனில் 2022 முதல் விற்கும் வீட்டுச் சார்ஜர்கள் 10 நிமிடம் வரை தற்செயலாகத் தாமதித்துத் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நீங்கள் கையால் செய்வதானால் 12:50, 1:00, 1:10 என்று பிரித்துவிடுங்கள்.

எல்லாம் பொருத்தி ஒரு மாதம் ஆனதும் எலெக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, எல்லா முனைகளின் ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள். தினமும் சூடாகிக் குளிரும் இணைப்பு தளரும், குறிப்பாக அலுமினியக் கேபிள். அன்றைக்கே தனி சர்வீஸின் எம்டியைப் பாருங்கள். 12 கேட்ட இடத்தில் 8 என்று காட்டினால், பதினோராவது காருக்கும் பன்னிரண்டாவது காருக்கும் ஈபி அலுவலகம் போக வேண்டியதில்லை.